சங்கு, வன்னி, குருசடைப் புழு: அறிவியல் பெயர்க் கேள்விகள்

கே: பழைய நூல்களில் சங்குக்கு ஸான்கஸ் பைரம், புதியவற்றில் டர்பினெல்லா பைரம். எது சரி? (கல்லூரி மாணவி, கீழக்கரை)

ப: டர்பினெல்லா பைரம்தான். குழப்பம் வந்ததில் வியப்பில்லை. முந்தி வெளியான பெயருக்கே உரிமை என்பது பொதுவிதி. ரோடிங் என்ற ஆய்வாளர் வைத்த ஸான்கஸ் 1798இல் வந்தது, லாமார்க் வைத்த டர்பினெல்லா 1799இல். கணக்குப்படி ஸான்கஸ் ஜெயித்திருக்க வேண்டும். பன்னாட்டு விலங்குப் பெயரிடல் ஆணையம் தன் சிறப்பு அதிகாரத்தால் அதை ஒதுக்கிவிட்டது. அந்த அதிகாரம் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு.

லேபிளில் 'டர்பினெல்லா பைரம் (லின்னேயஸ், 1767)' என்று எழுதுங்கள். அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். இதற்கு முதலில் பெயரிட்ட லின்னேயஸ் இதை வொலூட்டா பேரினத்தில் (பெயரின் முதல் சொல் காட்டும் குழு) வைத்திருந்தார். பிறகு பேரினம் மாறியதைக் காட்டவே அந்த அடைப்பு. கையால் எழுதினால் ரோமன் எழுத்தில், இரு சொற்களையும் தனித்தனியே அடிக்கோடிட வேண்டும். முதல் சொல்லுக்கு மட்டும்தான் பெரிய எழுத்து.

கே: குருசடைத் தீவுப் புழு டைக்கோடெரா 'ஃபுளூவா'வா, 'ஃபிளேவா'வா?

ப: ஃபிளேவா. இதற்குப் பெயரிட்ட எஷ்ஷோல்ட்ஸ் 1825இல் அச்சிட்டது அப்படித்தான். மற்றது ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியல் எழுதியதில் பரவிய பிழை. பின்னால் நுழைந்த எழுத்துப்பிழை தனிப்பெயர் ஆகாது. இதற்கு அடைப்பும் வேண்டாம், பேரினம் மாறவில்லை.

கே: சீமைக் கருவேலத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்களாமே? (விவசாயி, திருவாடானை)

ப: ஆமாம். 2022இல் புரோசோபிஸ் பேரினத்தைப் பிரித்தார்கள். அப்படிப் பிரிக்கும்போது பழைய பெயர், வகைமாதிரி இனம் (பேரினப் பெயருக்கு ஆதாரமாகக் குறித்த இனம்) இருக்கும் பக்கமே போகும். இங்கே அந்த வகைமாதிரி நம்ம வன்னி. அதனால் வன்னி புரோசோபிஸ் சினரேரியாவாகவே நீடிக்கிறது. சீமைக் கருவேலம் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆகிவிட்டது. எல்லா அலுவலகமும் இன்னும் மாறவில்லை. அறிக்கையில் பழைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

கே: வலையில் இதுவரை யாரும் பார்க்காத நண்டு கிடைத்தால் அப்பா பெயரை வைக்கலாமா? (பாம்பன்)

ப: விதி தடுக்கவில்லை. ஆண் பெயரென்றால் முடிவில் 'ஐ', பெண் பெயரென்றால் 'ஏ' ஒட்டுவது வழக்கம். ஆனால் முகநூலில் படம் போட்டுப் பெயர் சொன்னால் செல்லாது. ஒரே ஒரு நண்டை ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி) என்று குறிக்க வேண்டும். அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும், நெருங்கிய இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதையெல்லாம் கட்டுரையாக வெளியிட வேண்டும். மின்னிதழில் மட்டும் வந்தால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் முன்கூட்டியே பதிவும் தேவை.

அதற்கெல்லாம் முன்னால், பிடித்த அன்றே ஒரு காலை ஒடித்து 95 சதவீத எத்தனாலில் போட்டுவையுங்கள். ஃபார்மலினில் கிடந்த நண்டிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. பிடித்த இடம், ஆழம், தேதி எழுதிய சீட்டு புட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.