ஆங்கில பிட்டருக்கு எந்த ஹாப்ஸ், எப்போது போடுவது?

வீட்டில் 20 லிட்டர் பிட்டர், அதாவது கசப்பு தூக்கலான ஆங்கில பீர், காய்ச்சப் போகிறீர்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை ஆரம்பத்திலேயே மொத்தமாகப் போடுவதா, பிரித்துப் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரித்துத்தான் போட வேண்டும். ஆனால் கொதியில் இரண்டு தடவை போட்டால் போதும்.

ஹாப்ஸில் கசப்பும் மணமும் வேறு வேறு பொருள்களிலிருந்து வருகின்றன. கசப்புக்கு ஆல்ஃபா அமிலம். கொதியில் அது உருமாறினால்தான் நன்றாகக் கரைந்து கசக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். தண்ணீரை 1 என்று வைத்தால் 1.040 அடர்த்தியுள்ள வோர்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து எடுத்த நொதிக்காத சாற்றில், ஒரு மணி நேரம் கொதித்தால் அந்த அமிலத்தில் சுமார் 25 சதவீதம் கசப்பாக மாறும். 15 நிமிடம் என்றால் அதில் பாதிதான். மணத்துக்கு எண்ணெய்கள். அவை கொதிக்கக் கொதிக்க ஆவியோடு போய்விடும். அதனால் அரை மணியில் போடும் ஹாப்ஸால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. கசப்பும் முழுதாக வராது, மணமும் நிற்காது.

எந்த ஹாப்ஸ் என்றால், முதல் முறைக்கு ஈஸ்ட் கெண்ட் கோல்டிங்ஸ் ஒன்றை மட்டும் வாங்குங்கள். மென்மையான பூமணம், கொஞ்சம் தேன், கொஞ்சம் மசாலா வாசம். மால்ட்டின் பிஸ்கட் சுவையை அது மறைக்காது. ஃபகிள் இன்னும் மண்வாசம் கூடியது, எனக்கு மிகவும் பிடிக்கும். அது கிடைக்காவிட்டால் ஸ்லோவேனியாவில் விளையும் ஸ்டைரியன் கோல்டிங்ஸ் வாங்கலாம், பெயர் எப்படி இருந்தாலும் அது ஃபகிள் வம்சம்தான். டார்கெட் என்ற ரகத்தில் ஆல்ஃபா 10 சதவீதம் அளவுக்கு இருப்பதால் கசப்புக்குச் சிக்கனமாக இருக்கும், ஆனால் கடைசியில் போட நான் அதை எடுக்க மாட்டேன். எலுமிச்சை, மாம்பழம் என்று மணக்கும் அமெரிக்க ரகங்களைக் கொட்டினால் நல்ல பீர் வரலாம், பிட்டர் வராது.

சரி, அளவு. கோல்டிங்ஸின் ஆல்ஃபா 5 சதவீதம் என்றால் கொதி தொடங்கியதும் 40 கிராம். அதிலிருந்து சுமார் 25 கசப்பு அலகு கிடைக்கும். அடுப்பை அணைக்க 10 நிமிடம் இருக்கும்போது இன்னும் 15 கிராம். மூன்று அலகு சேரும், மணமும் வரும். 1.040 அடர்த்திக்கு இந்த 28 சரியான இடம். ஆல்ஃபா ஒவ்வோர் அறுவடைக்கும் மாறும் என்பதால் பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 4 என்று இருந்தால் முதல் அளவை 50 கிராம் ஆக்குங்கள்.

அடுப்பை அணைத்ததும் வேலை முடிந்துவிடாது. 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை கசப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் சீக்கிரம் குளிர வையுங்கள். இங்கிலாந்தில் மரபாகச் செய்வதுபோல் பீப்பாயிலும் ஒரு பிடி ஹாப்ஸ் போட ஆசையிருந்தால், நொதித்தல் அடங்கிய பிறகு 10 கிராம் போட்டு மூன்று நான்கு நாள் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் புல் வாடை எட்டிப் பார்க்கும்.

அப்புறம், மீதி ஹாப்ஸைக் காற்றை வெளியேற்றிக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது பழைய சீஸ் வாடை அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.