தீசிஸுக்கு எந்த டெஸ்ட்? ஓர் அம்மாவின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றாலே அழுகிறாள், என்ன செய்வது? தீசிஸ் டேட்டாவை வெளியே யாரிடமாவது கொடுத்து, பணம் கட்டி அனாலிசிஸ் செய்து வாங்கிவிடலாமா? கணக்கே வராத பெண்ணுக்கு இந்தப் படிப்புக்கு அப்புறம் என்ன வழி? இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது.

வெளியே கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது, அதை மறைத்துப் பேச ஒன்றுமில்லை. எக்ஸெல் ஷீட்டைக் கொடுத்தால் சில நாளில் அட்டவணையும் வரைபடமும் பளபளவென்று வந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில். செய்து கொடுப்பவருக்கு உங்கள் மகளுடைய வார்டு தெரியாது. பாடம் சொல்வதற்கு முன் வைக்கும் ப்ரீ டெஸ்டை எழுதிய அதே முப்பது பேர்தான் பின்னால் வைக்கும் போஸ்ட் டெஸ்டையும் எழுதினார்களா, நடுவில் நாலு பேர் டிஸ்சார்ஜ் ஆகிப் போனதால் வேறு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டார்களா என்பது ஷீட்டைப் பார்த்தால் தெரியாது. எந்தப் புள்ளியியல் டெஸ்ட் போட வேண்டும் என்பதை முடிவு செய்வதே அந்தச் சேதிதான். அது உங்கள் மகளுக்கு மட்டும்தான் தெரியும். காசு கொடுத்து வாங்கினாலும் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பதில் சொல்லப்போவது அவள்தான்.

பிளஸ் டூவில் கணக்கு வேண்டாம் என்றுதான் ப்யூர் சயின்ஸ் எடுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் ஞாபகம் இருந்தால் போதும். சராசரி, திட்ட விலக்கம், கொஞ்சம் நிகழ்தகவு. கூட்டிக் கழிப்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அவள் பதில் வைத்திருக்க வேண்டியது மூன்று கேள்விகளுக்கு. நான் பதிவு செய்தது அளந்த எண்ணா, அல்லது ‘ஆம், இல்லை’ மாதிரி தலையெண்ணிக்கையா? ஒப்பிடுவது அதே ஆட்களையா, வேறு வேறு ஆட்களையா? எத்தனை குழு? இதற்கு நர்சாக இருந்தால் போதும், கணக்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை.

அதே ஆட்களா, வேறு ஆட்களா என்ற இரண்டாவது கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கியவன். எம்.எஸ்சி. புராஜெக்டில் ஒரே ஆட்களிடம் இரண்டு முறை எடுத்த அளவுகளை, வேறு வேறு ஆட்கள் போலப் பாவித்து டெஸ்ட் போட்டேன். ‘வித்தியாசம் இல்லை’ என்று முடிவு வந்தது. அது ஏன் இல்லை என்று ஒன்றரைப் பக்கம் விளக்கம் வேறு எழுதினேன். வைவாவுக்கு வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “இவங்க எல்லாம் ஒரே ஆளுங்களா தம்பி?” அந்த ஒன்றரைப் பக்கமும் வீண்.

இதைப் புரியவைக்க நான் எல்லோருக்கும் காட்டுவது ஒரு பழைய கணக்கு. 1908-ல் வில்லியம் கோசெட் என்பவர், இரண்டு சராசரிகளை ஒப்பிடப் பயன்படும் டி டெஸ்டுக்கு அடித்தளமான கட்டுரையை வெளியிட்டார். அவர் பேராசிரியர் இல்லை, டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். கட்டுரையை ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் போட்டார். அதனால்தான் இன்றைக்கும் அதற்கு ஸ்டூடன்ட்ஸ் டி டெஸ்ட் என்று பெயர். ஸ்டூடன்ட்களைப் பயமுறுத்துவதற்காக வைத்த பெயர் இல்லை என்று மகளிடம் சொல்லுங்கள். ஆலையில் ஆயிரக்கணக்கில் சாம்பிள் எடுக்க வழியில்லை. கையில் இருக்கும் நாலைந்து அளவை வைத்தே முடிவுக்கு வர வேண்டும். முப்பது நோயாளிகளை வைத்துக்கொண்டு தவிக்கும் நர்சிங் மாணவியின் நிலைமையும் ஏறத்தாழ அதுதான்.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பத்து நோயாளிகளின் தூக்கம். ஒவ்வொருவருக்கும் இரண்டு தூக்க மருந்துகளும் வெவ்வேறு சமயத்தில் கொடுக்கப்பட்டன. வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று குறித்தார்கள். முதல் மருந்துக்கு 0.7, -1.6, -0.2, -1.2, -0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0. இரண்டாவது மருந்துக்கு, அதே வரிசையில் அதே ஆட்கள், 1.9, 0.8, 1.1, 0.1, -0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4. சராசரி முதலாவதுக்கு 0.75 மணி, இரண்டாவதுக்கு 2.33 மணி.

இவற்றை வேறு வேறு ஆட்கள் என்று நினைத்து இன்டிபென்டன்ட் டி டெஸ்ட் போட்டால் பி வேல்யூ 0.079 வரும். வழக்கமாக வைக்கும் கோடு 0.05, இது அதற்கு மேல். (பி வேல்யூ என்றால் என்ன என்பது கீழே வருகிறது.) ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை’ என்று எழுதிக் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான். அதே எண்களுக்கு, ஒரே ஆளின் இரண்டு அளவையும் ஜோடி சேர்த்துப் பார்க்கும் பேர்டு டி டெஸ்ட் போட்டால் பி வேல்யூ 0.0028. எண்களில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஒரே ஆள் என்பதைச் சொன்னோமா, மறைத்தோமா என்பதுதான் மாறியது.

காரணம் ரொம்பச் சாதாரணம். மருந்து கொடுத்தாலும் ஒருவருக்கு நன்றாக வேலை செய்கிறது, இன்னொருவருக்கு வேலை செய்வதே இல்லை. ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த ஏற்ற இறக்கம் பெரியது. அந்தச் சத்தத்தில் இரண்டு மருந்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் காதில் விழாது. ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பாருங்கள்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. ஒன்றுகூட மைனஸ் இல்லை. ஒன்பது பேர் இரண்டாவது மருந்தில் அதிகம் தூங்கியிருக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் இரண்டும் ஒன்று.

பி வேல்யூ என்றால் என்ன என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். இரண்டு மருந்தும் ஒன்றேதான், யார் எதில் கூடத் தூங்கினார் என்பது பூவா தலையா போலத்தான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாக வந்த அந்த ஒருவரை விட்டுவிட்டால் மீதி ஒன்பது பேர். ஒன்பது முறை சுண்டினால் ஒன்பதும் ஒரே பக்கமாக விழுவதற்கு வாய்ப்பு 256-ல் ஒன்று, அதாவது 0.004 போல. ‘ஒன்றுமே நடக்கவில்லை என்றால் இப்படி ஒரு முடிவு, அல்லது இதைவிட அதிசயமான முடிவு, எவ்வளவு அபூர்வமாக வரும்’ என்பதுதான் பி வேல்யூ. மருந்து வேலை செய்வதற்கான வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று அது சொல்வதில்லை. பல தீசிஸ்களில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பூவா தலையா முறைக்கே சைன் டெஸ்ட் என்று பெயர் உண்டு; கால்குலேட்டர்கூட வேண்டாம்.

இந்த இருபது எண்களையும் உங்கள் மகளைக் கையால் டைப் செய்யச் சொல்லுங்கள். ஜமோவி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம், லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். மெனுவில் தொட்டால் டெஸ்ட் ஓடும், புரோகிராம் எழுத வேண்டாம். இரண்டு டெஸ்டையும் போட்டு 0.079-ம் 0.0028-ம் (0.003 என்று சுருக்கியும் காட்டலாம்) தன் கண்ணால் பார்க்கட்டும். ஒரு சாயங்காலம் போதும். ஆறு மாதக் கோச்சிங்கில் கிடைக்காத தைரியம் அதில் கிடைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அவளுடைய தீசிஸுக்கு வருவோம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்பு வீடியோ, அறுபது பேர், முப்பது பேருக்கு வீடியோ காட்டினாள், முப்பது பேருக்குக் காட்டவில்லை, எல்லோருக்கும் முன்னும் பின்னும் அறிவுத் தேர்வு. நர்சிங் தீசிஸ்களில் நன்றாகப் பழகிய அமைப்பு இது. இதில் எல்லோரும் செய்கிற தவறும் ஒன்றேதான். வீடியோ பார்த்த குழுவுக்கு ஒரு பேர்டு டி டெஸ்ட், பார்க்காத குழுவுக்கு இன்னொன்று. முதலாவதில் பி வேல்யூ சின்னது, இரண்டாவதில் பெரியது, ஆகவே வீடியோ பயன்தந்தது என்று முடிக்கிறார்கள். ஒரு குழுவில் 0.04, இன்னொன்றில் 0.06 வந்தால் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் உண்டு என்று ஆகிவிடாது. கேள்வி என்ன? வீடியோ பார்த்தவர்களின் மதிப்பெண் உயர்வு, பார்க்காதவர்களின் உயர்வைவிட அதிகமா? அப்படியென்றால் ஒவ்வொருவருக்கும் போஸ்டிலிருந்து ப்ரீயைக் கழித்து, அந்த உயர்வுகளை இரண்டு குழுவுக்கும் நடுவில் இன்டிபென்டன்ட் டி டெஸ்டால் ஒப்பிட வேண்டும். அன்கோவா (ப்ரீ மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டு போஸ்ட் மதிப்பெண்களை ஒப்பிடும் முறை) தெரிந்த கைடு என்றால் அதையே செய்யச் சொல்வார், அது இன்னும் நல்லது. பேர்டு டி டெஸ்டைக் கைடு கட்டாயம் கேட்டால் அதையும் போட்டு வைக்கட்டும், ஆனால் முடிவை அதில் தொங்கவிட வேண்டாம்.

‘டேட்டா நார்மலா இல்லை (மணி வடிவில் இல்லை), டி டெஸ்ட் போடக் கூடாது’ என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறது. பேர்டு டி டெஸ்டில் பார்க்க வேண்டியது கழித்து வந்த வித்தியாசங்கள் ஓரளவு மணி வடிவில் இருக்கின்றனவா என்பதை, மதிப்பெண்களை அல்ல. மேலே தூக்கக் கணக்கில் 4.6 என்று ஒருவர் தனியாக நிற்கிறாரே, அந்த மாதிரி ஆள் இருந்தால், எண்களின் வரிசையை வைத்துப் பார்க்கும் வில்காக்ஸன் டெஸ்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது. வேறு வேறு ஆட்கள் என்றால் அந்த இடத்தில் மான்-விட்னி. மூன்று குழு என்றால் டி டெஸ்டுக்குப் பதில் அனோவா, அதன் மாற்று க்ருஸ்கல்-வாலிஸ். அறிவுக்கும் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால் ஒட்டுறவுக் கெழு (கோரிலேஷன்). இதற்கு மேல் இந்தத் தீசிஸுக்குத் தேவைப்படாது.

தலையெண்ணிக்கைகளுக்குப் போடும் கை ஸ்கொயர் டெஸ்ட் பற்றி மட்டும் கொஞ்சம் புலம்ப வேண்டும். வயது, படிப்பு, மதம், வருமானம், குடும்ப வகை என்று பத்து விவரங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அறிவு மதிப்பெண்ணோடு சேர்த்துப் பத்து கை ஸ்கொயர் போடுவது ஒரு சடங்காகிவிட்டது. எதற்கும் சம்பந்தமே இல்லை என்றாலும், 0.05 என்ற கோட்டை வைத்துப் பத்து முறை பார்த்தால் ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்கது’ என்று தப்பாக வர 40 சதவீதம் வாய்ப்பு உண்டு. அப்படி வந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ‘கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்குப் பாத அறிவு அதிகம்’ என்று ஒரு பத்தி எழுதுவார்கள். வேண்டாம் அம்மா. முன்கூட்டியே காரணம் சொல்ல முடிகிற இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். முப்பது பேரை நாலைந்து கட்டங்களில் பிரித்தால் சில கட்டத்தில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை (சம்பந்தமே இல்லை என்றால் அங்கே வர வேண்டிய தலைகள்) 5-க்குக் கீழே போய்விடும். அங்கே ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட். அதே ஆட்களிடம் ‘தினமும் பாதத்தைப் பார்க்கிறீர்களா, ஆம் இல்லை’ என்று முன்னும் பின்னும் கேட்டிருந்தால் கை ஸ்கொயர் செல்லாது, மெக்நீமர் டெஸ்ட். பார்த்தீர்களா, இங்கேயும் அதே ஆளா வேறு ஆளா என்பதுதான்.

படிப்பதற்கு: சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. அவர்கள் ஸ்வயம் என்ற மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளத்தில் மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் ஒன்று நடத்துகிறார்கள். எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். பாடம் கேட்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் சின்னச் சின்ன வீடியோக்கள்.

கடைசியாக, அப்புறம் என்ன வழி என்ற கேள்வி. பக்கத்து வீட்டார் சொன்ன லட்ச ரூபாய் டேட்டா சயின்ஸ் கோர்ஸில் இப்போது சேர்க்காதீர்கள். மத்திய அரசின் புள்ளியியல் பணிக்கான இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் சர்வீஸ் தேர்வுக்குப் புள்ளியியல் பாடமாக உள்ள பட்டம் வேண்டும், நர்சிங் பட்டத்தை வைத்து எழுத முடியாது; அதையும் மறந்துவிடலாம். ஆனால் வார்டும் தெரிந்து, டேட்டாவும் தெரிந்த நர்ஸ் என்றால் கதை வேறு. புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் கோஆர்டினேட்டர் வேலை, மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் வேலை, ஆஸ்பத்திரித் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு, இவற்றுக்கெல்லாம் நர்சிங் படித்தவர்களை எடுக்கிறார்கள். மேலே படிக்க ஆசைப்பட்டால் பொது சுகாதார முதுகலை, எம்.பி.எச்., இருக்கிறது. கல்லூரி ஆசிரியை ஆவதுதான் எண்ணம் என்றாலும் நாளைக்கு அவளிடம் நாலு மாணவிகள் தீசிஸ் ஷீட்டோடு வந்து நிற்பார்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை. அவளுடைய எக்ஸெல் ஷீட்டைத் திறந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண் இருக்கிறதா, ப்ரீ மதிப்பெண்ணும் போஸ்ட் மதிப்பெண்ணும் அந்த எண்ணுக்கு நேராக ஒரே வரியில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தனித்தனி ஷீட்டில், தனித்தனி வரிசையில் இருந்தால் யார் யாருக்கு ஜோடி என்பது போய்விட்டது என்று அர்த்தம். கேள்வித்தாள்கள் இன்னும் அவள் கையில்தான் இருக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போவதற்குள் உட்கார்ந்து சேர்த்துவிடட்டும்.