சைவ வீட்டில் ஸ்டென்ட் எப்படி வந்தது?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் பரம்பரைச் சைவம். முட்டை கூட வீட்டுக்குள் வந்தது கிடையாது. என் வீட்டுக்காரருக்கு 52 வயது, பீடி சிகரெட் எதுவும் இல்லை. போன மாதம் நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது "இனிமேல் தாவர உணவாகச் சாப்பிடுங்கள்" என்றார்கள். இத்தனை நாள் நாங்கள் சாப்பிட்டது வேறு என்னவாம்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கோபம் நியாயம்தான் தங்கச்சி. ஆனால் உங்கள் வீட்டு இலையை ஒரு தடவை மனதில் விரித்துப் பாருங்கள். நானும் அந்த மாதிரி இலையில் சாப்பிட்டு வளர்ந்தவள், அந்த உரிமையில் சொல்கிறேன். நடுவில் வெள்ளைச் சோறு குன்று மாதிரி, அதன் மேல் நெய், ஓரத்தில் ஒரு கைப்பிடிப் பொரியல், அந்தப் பொரியலிலும் பாதி தேங்காய்ப்பூ. சாயங்காலம் டீயும் வடையும். ராத்திரி தோசை, சமைக்கச் சோம்பலாக இருந்தால் பார்சல் பரோட்டாவும் வெஜ் சால்னாவும். டவுனுக்குப் போனால் கால் கிலோ அல்வா. இதில் ஓரிடத்திலும் மாமிசம் இல்லை. ஆனால் இதயத்துக்கு நல்லது என்று கைகாட்டும்படி இருப்பது அந்தக் கைப்பிடிப் பொரியல் ஒன்றுதான்.

2017-ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தது அது. முழுத்தானியம், பயறு, காய், பழம், கொட்டை என்று தாவர உணவு சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் குறைந்திருந்தது, சரி. தீட்டிய மாவு, சர்க்கரை, இனிப்பு என்று அதே "தாவர உணவை" வேறு பக்கத்திலிருந்து சாப்பிட்டவர்களுக்கு அபாயம் கூடியிருந்தது. மைதாவும் சீனியும் செடியில் விளைந்ததுதானே!

அதனால் டாக்டர் சொன்னதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், வெஞ்சனத்தைக் கூட்டுங்கள், சோற்றைக் குறையுங்கள். நம் வீடுகளில் சோறுதான் சாப்பாடு, வெஞ்சனம் தொட்டுக்கொள்ள. அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும், தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பயறு அல்லது பருப்பு, மிச்சம் கால் பங்குதான் சோறு. முதல் வாரம் அவர் "வயிறு நிறையவில்லை" என்று முறைப்பார். ஒரு கிண்ணம் சிறுபயறோ தட்டாம்பயறோ அவித்து வையுங்கள், நிறைந்துவிடும். காணத்துவையல் (காணம் என்றால் கொள்ளு) என்றால் இரண்டு வாய் சோறு கூட இறங்குமே என்பீர்கள், அதற்குக் காணத்தைச் சுண்டலாகவே செய்துவிடுங்கள். 100 கிராம் காணத்தில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, மாட்டுக்கு மட்டும் போட்டு வைத்தது நம் முட்டாள்தனம். பயறு, வெண்டைக்காய், கத்தரிக்காய் இவற்றில் உள்ள கரையும் நார் குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். ஈரல் புதிதாகப் பித்தநீர் செய்தாக வேண்டும், அதற்கு ரத்தத்திலிருக்கும் கொலஸ்டிராலை எடுக்கும். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

அப்புறம் தேங்காய். அதைச் சொன்னால் நம் ஊரில் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம், ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும் நிறைகொழுப்பு, நல்லெண்ணெயில் 15 சதவீதத்தை ஒட்டித்தான். தேங்காய்ப்பாலில் காய் போட்டு வைக்கும் சொதி என்பது மறுவீட்டுச் சாப்பாடு, வருடத்துக்கு நாலு கல்யாணத்தில் சாப்பிட்டது. இப்போது ஞாயிறுதோறும் வைக்கிறோம். என் அம்மா சொதி வைக்கும்போது கெட்டியான முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்குவாள். மூன்றாம் பாலில்தான் காய் வேகும். உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்த முதல் பாலை ஊற்றுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுங்கள், காயை நிறையப் போட்டு. இஞ்சித் துவையல் வழக்கம்போல. ருசி குறையும், மறுக்கவில்லை.

எண்ணெயை நாக்கால் அளக்காதீர்கள், மளிகைச் சீட்டால் அளங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் வாங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல் போகிறது. இரண்டு லிட்டருக்குள் கொண்டுவரப் பாருங்கள். வடைச்சட்டி அடுப்பில் ஏறாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: நாங்கள் கடற்கரைக்காரர்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காது. சென்னையிலிருந்து வந்த மகன் மீன், பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறான். நிறுத்தத்தான் வேண்டுமா?
- வாசகர், உவரி

பதில்: இதயத்துக்காக என்றால் வேண்டியதில்லை அண்ணாச்சி. அவன் கொள்கையாக நிறுத்தினால் அது வேறு, தாராளமாக நிறுத்தட்டும், ஆனால் வைட்டமின் பி12 மாத்திரை போடச் சொல்லுங்கள். அந்தச் சத்து செடிகொடியில் கிடையாது. மாவு புளிப்பதால் இட்லியில் அது வந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு வாரம் இரண்டு நாள் சாளை, அதுவும் குழம்பாக. பொரித்தது வேண்டாம். குறைக்க வேண்டியது ஆட்டுக்கறியும் கருவாடும்தான், கருவாட்டில் உப்பு அப்படி. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்றைக்கு அந்தக் கணக்கு காலையிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: பச்சைக் காய்கறி மட்டும் சாப்பிட்டால் அடைப்பே கரைந்துவிடும், மாத்திரை வேண்டாம் என்று வீடியோவில் சொல்கிறார்களே?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: அந்தப் பேச்சுக்கு வேர் ஒன்று உண்டு. டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க மருத்துவர் 1990-ல் வெளியிட்ட ஆய்வு. ஏறக்குறைய கொழுப்பே இல்லாத சைவ உணவு, அதோடு உடற்பயிற்சி, யோகா, புகையை விடுவது, குழுவாக உட்கார்ந்து பேசுவது. கொலஸ்டிரால் மாத்திரை கொடுக்கவில்லை, உண்மைதான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அடைப்பு சராசரியாக 40 சதவீதத்திலிருந்து 37.8 ஆகியிருந்தது, வழக்கம்போல இருந்தவர்களுக்கு 42.7-லிருந்து 46.1-க்கு ஏறியிருந்தது. ஏறாமல் இறங்கியதே பெரிய காரியம், ஆனால் "கரைந்துவிடும்" என்று சொல்லும்படியாக இல்லை. அதில் இருந்தவர்களும் ஐம்பது பேர் கூட இல்லை. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி அடைத்துவிடலாம். உணவை மாற்றுங்கள், மூன்று மாதம் கழித்து ரத்தம் சோதித்துக் காட்டுங்கள், டோஸைக் குறைப்பதா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சரியா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வாசம் நல்லது. மற்றபடி அதுவும் சர்க்கரைதான், அளவு குறைந்தால்தான் பலன்.

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கீரையே ஆகாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் முருங்கைக்கீரையை விட்டுவிட்டோம். ஆனால் இதயத்துக்குக் கீரை நல்லது என்றும் எழுதுகிறீர்கள். எதைக் கேட்பது?
- வாசகி, தென்காசி

பதில்: கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலைக்கு எதிராக நிற்கும், அதனால் வந்த பேச்சு. விட்டுவிட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருந்தால் போதும். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஆபத்து. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, பக்கத்து வீட்டில் அதையும் சொல்லிவையுங்கள். இத்தனை நாள் நிறுத்தியிருந்ததால் நீங்களாகத் திடீரென்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்து ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்க்கப் போகும்போது, வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டிக் கீரை கொடுக்கப்போகிறோம் என்று டாக்டரிடம் சொல்லி, அதற்குத் தகுந்தபடி மாத்திரை அளவை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.