எடை குறையவில்லை என்றால் ஸ்டென்ட் கரையவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: உயிரிமருத்துவப் பொறியியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். கரையும் ஸ்டென்டுக்கான (ரத்தக்குழாயைத் திறந்து தாங்கிப் பிடிக்கும் வலைக்குழாய்) பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலிமரின் துண்டுகளையும் மெக்னீசியம் கம்பிகளையும் 37 டிகிரி பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து வாரா வாரம் எடை பார்க்கிறேன். மூன்று மாதமாகியும் பாலிமரின் எடை அசையவே இல்லை. மெக்னீசியத்திலோ சில கம்பிகளின் எடை கூடியிருக்கிறது! தவறு எங்கே? இரண்டையும் ஒரே சோதனையில் ஒப்பிடலாமா?

பதில்: தராசில் தவறில்லை, அது சரியாகத்தான் காட்டுகிறது. எடை இங்கே ரொம்பத் தாமதமாக வரும் சாட்சி, அவ்வளவுதான்.

முதலில் பாலிமர். தண்ணீர் உள்ளே இறங்கி நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை நடுநடுவே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் கரைசலில் கரையும் அளவுக்குச் சிறுக்கும்வரை வெளியே போகாது, அதனால் எடை அப்படியே நிற்கும். முதலில் விழுவது மூலக்கூறு எடை, அடுத்தது வலிமை, கடைசியில்தான் எடை. சிதைவு முற்றிய ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், ஆனால் முன்பு வளைந்து கொடுத்தது இப்போது காய்ந்த சுள்ளி மாதிரி சட்டென்று முறியும். ஆகவே ஒவ்வொரு மாதமும் சில துண்டுகளை எடுத்து, வெற்றிடத்தில் நன்றாக உலர்த்தி, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜிபிசி கருவியில் மூலக்கூறு எடையும் இழுவைச் சோதனையில் வலிமையும் பாருங்கள்.

மெக்னீசியத்தின் கதை நேர் எதிர். கரைசலில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே கம்பியில் ஹைட்ரஜன் குமிழ்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் வெள்ளையாக ஒரு படிவம் மூடும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் பாஸ்பேட்டும் கலந்த அந்தப் படிவத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் எடை போட்டிருக்கிறீர்கள். குரோமிக் அமிலக் கரைசலில் கழுவி அதை நீக்கிய பிறகு எடை பாருங்கள், இழப்பு தெரியும். குரோமிக் அமிலம் கடுமையான நச்சு. கையுறை போட்டு, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து மட்டுமே கையாளுங்கள்.

கரைசலையும் மாற்றச் சொல்வேன். பாலிமருக்குப் பாஸ்பேட் கரைசல் போதும். உலோகத்துக்கு உடலில் இருப்பதுபோல் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அமிலத்தன்மையைச் சமன்செய்யும் ஊடகம் வேண்டும், அதாவது செல் வளர்க்கும் ஊடகமும் இன்குபேட்டரும். அப்படியும் ஆய்வகத்தில் மெக்னீசியம் பெரும்பாலும் உடலில் இருப்பதைவிட வேகமாகவே அரிக்கும்.

அதனால்தான் கம்பியை நேராக எலியின் ரத்தக்குழாய்ச் சுவரில் செருகிப் பார்க்கும் முறை எனக்குப் பிடிக்கும். முழு ஸ்டென்ட் செய்யாமலேயே உயிருள்ள திசுவில் அரிமான வேகம் தெரிந்துவிடும். துத்தநாகத்தின் மேல் பெரிய நம்பிக்கை வந்ததே 2013-இல் வெளியான அப்படியொரு எலிச் சோதனையால்தான். மெக்னீசியம் சீக்கிரம் போய்விடுகிறது, இரும்போ போக மறுக்கிறது, அதன் துருவும் அங்கேயே தங்கிவிடுகிறது. துத்தநாகம் இரண்டுக்கும் இடையில், ஆண்டுக்குச் சில பத்து மைக்ரான் என்ற அளவில் நிதானமாக அரித்தது.

சரி, ஒப்பிடலாமா? ஒரே தேதியில் எடையை வைத்து ஒப்பிடாதீர்கள். ரத்தக்குழாய் குணமாகும் அந்த முதல் மூன்று, ஆறு மாத காலம் ஸ்டென்ட் தாங்கிப் பிடிக்கிறதா என்பதை வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு பொருளுக்கும் பொதுவான அளவுகோல் அதுதான்.

இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. இதயம் நாளுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது, ஆறு மாதத்தில் 1.8 கோடி. களைப்புச் சோதனைக் கருவியை (துடிப்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்து எப்போது உடைகிறது என்று பார்ப்பது) நொடிக்கு 40 துடிப்பு என்று ஓட்டினால் ஐந்தே நாளில் முடிந்துவிடும். ஆனால் ஸ்டென்டின் வேதியியலுக்கும் வயது ஐந்தே நாள்தான்! நிரந்தர ஸ்டென்டுக்கு இது பரவாயில்லை. கரையும் ஸ்டென்டுக்கோ, துண்டுகளை ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று முதலில் ஊறவைத்து, அந்தந்த வயதில் துடிப்புக்கு உட்படுத்த வேண்டும். சூடேற்றி அவசரப்படுத்துவதிலும் கவனம் தேவை: பாலிலாக்டிக் அமிலம் 60 டிகிரியை ஒட்டி இளகும், தண்ணீரில் ஊறியிருந்தால் அதற்கும் முன்பே. அதைத் தாண்டினால் நீங்கள் அளப்பது வேறொரு பொருளை.

கரையும் நடுக்கட்டத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அப்சார்ப். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்தப் பாலிமர் ஸ்டென்டின் விற்பனையை 2017-இலேயே நிறுத்தினார்கள். மூன்று ஆண்டுத் தொடர் கண்காணிப்பில் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தது உலோக ஸ்டென்டில் 0.7 சதவீதம், அப்சார்ப்பில் 2.3 சதவீதம். அதன் கம்பிகள் சுமார் 150 மைக்ரான் தடிமன், ஒப்பிட்ட உலோக ஸ்டென்டில் அதில் பாதியளவுதான். தாமதமாக உறைவு வந்த சிலரின் குழாயை உள்ளிருந்து படமெடுத்தபோது, சுவரில் பதியாத கம்பித் துண்டுகள் ரத்த ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன.

மீதமுள்ள துண்டுகளை இன்றே மூன்று பங்காகப் பிரித்து வைத்துவிடுங்கள்: ஒன்று மூலக்கூறு எடைக்கு, ஒன்று இழுவைக்கு, ஒன்று துடிப்புச் சோதனைக்கு. எடை பார்ப்பதை மாதம் ஒருமுறையாகக் குறைத்தால் போதும்.