பெட்டியில் போட்டிருக்கும் கிலோவை நம்பலாமா? ரீல் டிராக், ஹேண்டில்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் தூண்டில் ரீலின் டிராக்கைச் சுற்றியே இருந்தன, அதாவது மீன் பலமாக இழுக்கும்போது லைன் அறாமல் வழுக்கி வெளியே போகவிடும் பிரேக். அடுத்தபடியாக ஹேண்டில். ஒரே மாதிரிக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒரே விலையில் இரண்டு ஸ்பின்னிங் ரீல் (ராடுக்கு அடியில் தொங்கும் வகை) பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் அதிகபட்ச டிராக் 10 கிலோ, மற்றதில் 5 கிலோ. எண்ணூர் கழிமுகத்தில் கொடுவாவுக்குப் போகிறேன். 10 கிலோதானே நல்லது சார்? (திருவொற்றியூர் வாசகர்)

முதலில் என்ன லைன் போடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். 20 பவுண்டு லைன் என்றால் அது தாங்குவது ஏறக்குறைய 9 கிலோ. டிராக்கை அதில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான் வைப்போம். அதாவது இரண்டேகாலிலிருந்து மூன்று கிலோ. 10 கிலோவுக்கு முறுக்கினால் டிராக் வழுக்குவதற்கு முன்பே லைன் போய்விடும், இல்லையென்றால் முள் நிமிர்ந்துவிடும். நீங்கள் பயன்படுத்தவே போகாத ஏழு கிலோவுக்கு எதற்குக் காசு?

பெட்டியில் இருக்கும் எண், டிராக்கை எவ்வளவு இறுக்க முடியும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அது எப்படி விடுகிறது என்பதுதான் விஷயம். டிராக்குக்குள் ஒன்றோடொன்று உரசும் வட்டத் தகடுகள்தான் வாஷர். நின்றுகொண்டிருக்கும் வாஷரை நகர்த்த ஆகும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும் வாஷரைத் தொடர்ந்து நகர்த்த ஆவதைவிட அதிகம். நல்ல டிராக்கில் இந்த வித்தியாசம் கைக்கே தெரியாது. மோசமானதில் 2 கிலோவுக்கு வைத்த டிராக், கிளம்புவதற்கு மட்டும் அதைவிட ரொம்ப அதிகமாகக் கேட்கும். கொடுவா தலையை உதறும் அந்த முதல் நொடியில் லைன் அறுவது இதனால்தான். பிரெய்டு, அதாவது பின்னிய லைன், போட்டிருந்தால் இன்னும் மோசம், அது தங்கூசி மாதிரி இழுபட்டுக் கொடுக்காது.

கடையிலேயே சோதிக்கலாம். டிராக்கை லேசாக வைத்து லைனைக் கையால் மெதுவாக இழுங்கள், பிறகு சட்டென்று இழுங்கள். விட்டு விட்டு வந்தால் வேண்டாம். அப்புறம் குமிழைத் திருப்பிப் பாருங்கள். முழுத் தளர்விலிருந்து முழு இறுக்கத்துக்கு அரைச் சுற்றிலேயே போய்விட்டால், மீன் ஓடும்போது கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ உங்களால் முடியாது.

இன்னொன்று. லைன் போகப் போக ஸ்பூலின், அதாவது லைன் சுற்றியிருக்கும் உருளையின், விட்டம் குறைகிறது, டிராக் தானாகவே கூடுகிறது. நிறைந்த ஸ்பூலின் மையத்திலிருந்து லைன் 24 மில்லிமீட்டரில் இருக்கும்போது 3 கிலோவுக்கு வைத்தது, அது 16 மில்லிமீட்டராக இறங்கும்போது நாலரை கிலோ ஆகிவிடும். தண்ணீருக்குள் கிடக்கும் நீள லைனின் இழுவை வேறு. மீன் தூரமாக ஓடுகிறதே என்று பதறி டிராக்கை இறுக்குகிறோம் பாருங்கள், செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். அந்த நேரத்தில் ஒரு பொடி தளர்த்துங்கள்.

சோதனையில் இரண்டும் சமமாக வந்தால் எதையாவது எடுங்கள். 5 கிலோ ரீல் வழவழவென்று விட்டால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

டிராக்கை அளந்து வைக்க என்னிடம் தராசு இல்லை. கை மதிப்பில் வைக்கலாமா? (பல்லாவரம்)

கை மதிப்பு எல்லாருக்கும் ஏமாற்றும். வீட்டில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கும், நிரப்பினால் அது 2 கிலோ. லைனை ராடின் வளையங்கள் வழியாகவே கொண்டுவந்து பாட்டிலில் கட்டி, ராடைச் சாய்வாகப் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டுக் கிளம்பி, லைன் மெல்ல நழுவ வேண்டும். அதுதான் 2 கிலோ டிராக், வளையங்களின் உராய்வும் இதிலேயே கணக்காகிவிட்டது. நழுவாமல் தொங்கி, பிறகு திடீரென்று தொப்பென்று இறங்கினால் மேலே சொன்ன கிளம்பும் கோளாறு உங்கள் ரீலில் இருக்கிறது. கணக்குப் போடும்போது லைன், லீடர் (லைன் நுனிக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டும் துண்டு), முடிச்சு மூன்றில் எது பலவீனமோ அதை வைத்துப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரீலை மூட்டைகட்டி வைத்தேன். தை மாதம் எடுத்தால் டிராக் ஒட்டிக்கொண்டு கடக் கடக்கென்று வருகிறது. (பட்டினப்பாக்கம்)

டிராக்கை இறுக்கியபடியே வைத்திருப்பீர்கள். விலை குறைந்த ரீல்களில் வாஷர் பெரும்பாலும் ஃபெல்ட், அதாவது கம்பளி மாதிரி அமுங்கும் துணி. மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் அதிலிருக்கும் எண்ணெய் வெளியேறி, தட்டையாகிவிடும். கழற்றிப் பாருங்கள். பிசுபிசுப்பு மட்டும்தான் என்றால் துடைத்து டிராக்குக்கென்று விற்கும் கிரீஸை மெல்லியதாகப் பூசினால் போதும். பளபளவென்று தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

மாற்றும்போது அதே அளவில் கார்பன் வாஷர் கிடைத்தால் அதையே போடச் சொல்வேன். அது சூட்டைத் தாங்கும், அமுங்காது, உலர்ந்தும் ஓடும், லேசான கிரீஸிலும் ஓடும். பாரை மாதிரி நிறுத்தாமல் ஓடும் மீனில் டிராக் சூடாகும்போது இந்த வித்தியாசம் தெரியும். கிழங்கானுக்கு மட்டும் போகிறவருக்கு ஃபெல்ட்டே தாராளம், சின்ன இழுப்பில் அது கார்பனைவிட மென்மையாகவே கிளம்பும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை மட்டும் வாஷர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கோவளத்திலிருந்து படகில் வஞ்சிரத்துக்கு ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப்போவது) போக ஆசை. ஸ்டார் டிராக்கா, லீவர் டிராக்கா? (சோழிங்கநல்லூர்)

ஸ்டார் டிராக்கில் ஹேண்டிலுக்கு அடியில் நட்சத்திர வடிவச் சக்கரம் இருக்கும், அதைத் திருகினால் கியர் மேல் அடுக்கியிருக்கும் சின்ன வாஷர்கள் இறுகும். நூறு வருஷத்துக்கு மேலான ஏற்பாடு இது. 1913-இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே வில்லியம் போஷன் ராடும் ரீலும் கொண்டு வாள்மீனைப் பிடித்தது இந்த வகை ரீலில்தான். லீவரில் ஸ்பூலின் பக்கவாட்டிலேயே பெரிய வட்டு. லீவரைத் தள்ளினால் டிராக் கூடும், நடுவில் ‘ஸ்ட்ரைக்’ என்ற நிறுத்தம் உண்டு. கரையிலேயே அந்த நிறுத்தத்துக்கு அளந்து வைத்துவிட்டால், படகில் எத்தனை முறை தளர்த்தினாலும் அதே அளவுக்குத் திரும்பலாம். ஸ்டாரில் இப்போது டிராக் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

வஞ்சிரத்துக்கு ஸ்டாரே போதும். அது வேகமாக ஓடும் மீன், பாரை மாதிரி பாறைக்குள் புகாது. லேசான டிராக்கில் ஓடவிட்டுப் பிடிக்கலாம். பெரிய சூரைக்குத்தான் போகிறீர்கள் என்றால் லீவர். மிச்சமாகும் பணத்தில் ஸ்டீல் வயர் லீடர் வாங்குங்கள், வஞ்சிரத்தின் பல் எந்த டிராக்கையும் மதிக்காது.

டிராக் ஓடும்போதும் விடாமல் சுற்றுகிறேன். லைன் முறுக்கி முறுக்கிச் சிக்காகிறது. ரீல் கோளாறா?

ரீல் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்பின்னிங் ரீலில் லைன் வெளியே போகும்போது சுற்றினால், ஹேண்டிலின் ஒவ்வொரு சுற்றுக்கும் கியர் விகிதம் அளவுக்கு லைனில் முறுக்கு ஏறும். 5:1 ரீல் என்றால் சுற்றுக்கு ஐந்து. மீன் இழுக்கும்போது கையை நிறுத்துங்கள். அது நின்றதும் ராடை உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

புது ரீலில் ஹேண்டில் ஆடுகிறது. திருகி மாட்டும் ஹேண்டில் வாங்கலாம் என்கிறார் நண்பர். (வேளச்சேரி)

விலை குறைந்த ரீல்களில் ஹேண்டிலோடு சேர்ந்த ஆறுபட்டைக் கம்பி கியருக்குள் நுழைந்து வெளியே வரும், மறுபக்கம் ஒரு மூடித் திருகு அதைப் பிடிக்கும். கம்பிக்கும் துளைக்கும் இடைவெளி இருப்பதால் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முதலில் அந்த மூடியை இறுக்கிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே சரியாகிவிடும்.

திருகி மாட்டுவதில் ஹேண்டிலின் மரை நேராகக் கியரிலேயே ஏறுகிறது. ஆட்டமே இருக்காது, மீன் லேசாகக் கொத்துவதும் கைக்கு வந்து சேரும். ஆனால் எல்லா ரீலும் அதை ஏற்காது, கியரிலேயே மரை இருக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கை: ஆன்ட்டி ரிவர்ஸை (ஹேண்டில் பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் பூட்டு) எடுத்துவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றினால் ஹேண்டில் கழன்றுவரும், மரையில் கிரீஸ் இல்லாவிட்டால் உப்பு ஏறி, கழற்றவே முடியாமல் போகும். மின்சார ரயிலிலும் பைக்கிலும் ரீலைச் சுமக்கிறவருக்கு மடக்கும் ஹேண்டில்தான் வசதி. கொஞ்சம் ஆட்டம் இருந்தால் மீன் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

உருண்டைப் பிடியா, டி வடிவப் பிடியா? நீளமான ஹேண்டில் மாட்டினால் பலம் கூடுமா?

விரல் நுனியால் சுற்றும் வேலைக்கு, அதாவது அடையாறு முகத்துவாரத்தில் லூர் (செயற்கை இரை) எறிவது போன்றவற்றுக்கு, டி வடிவமோ தட்டைப் பிடியோ நல்லது. கனமான லூரை ஆழத்தில் இறக்கி மேலும் கீழும் இழுக்கும் ஜிக்கிங்குக்கு, உள்ளங்கையால் பற்றுவதால், உருண்டை. இறால் தோலும் வியர்வையும் சேர்ந்த கையில் வழவழப்பான பிளாஸ்டிக் நழுவும், ஃபோம் மாதிரியான ஈவிஏ நழுவாது.

60 மில்லிமீட்டரிலிருந்து 75-க்குப் போனால் அதே வேலைக்குக் கை தர வேண்டிய விசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பதிலுக்குக் கை பெரிய வட்டம் போட வேண்டும், லூரை வேகமாக இழுப்பவருக்கு அது தொல்லை. சின்ன ரீலில் ராட்சத ஹேண்டில் மாட்டிக் கியரைத் தேய்க்காதீர்கள்.

இடது கைப் பழக்கம். ஹேண்டிலை மாற்றலாமா?

ஸ்பின்னிங் ரீல் என்றால் இரண்டு பக்கமும் மாட்டலாம். ராடுக்கு மேலே உட்காரும் பெயிட்காஸ்டரில் முடியாது, வாங்கும்போதே பக்கம் பார்த்து வாங்குங்கள்.

கடலுக்குப் போய்வந்து ரீலைக் குழாயில் நன்றாகக் கழுவுகிறேன். இருந்தும் டிராக் கெடுகிறது. (திருவான்மியூர்)

‘நன்றாக’ என்பதுதான் சிக்கல். வேகமாகப் பீய்ச்சினால் உப்பும் மணலும் உள்ளே போய்விடும். டிராக்கை முழுதாக இறுக்கிவிட்டு, பூவாளி மாதிரித் தூவலாக நனைத்துத் துடையுங்கள். நிழலில் காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். மெட்ரோ தண்ணீர் ஒரு சொம்பு எடுத்துவைத்து அதில் கழுவுங்கள்.