தீக்காயத் தழும்பில் ஆறாத புண்: சதை எடுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமம். பத்து வயதில் வெல்லம் காய்ச்சும் கொப்பரையிலிருந்து பாகு கொட்டி, வலது கெண்டைக்கால் முழுக்க வெந்துவிட்டதாம். அந்தத் தழும்பில் வந்த ஒரு புண் ஏழு மாதமாக ஆறவே இல்லை. ஓரம் தடித்து, காலிஃபிளவர் மாதிரி பிதுங்கி நிற்கிறது. நாற்றமும் வருகிறது. சர்க்கரை இல்லை. மஞ்சள், வேப்பிலை, மருந்துக்கடை ஆயின்மென்ட் எல்லாம் போட்டாயிற்று. எங்கள் டாக்டர் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். அத்தையோ, ‘கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும்’ என்று தடுக்கிறார். தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்குத்தானே வரும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி. இந்த வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சதை எடுத்துப் பாருங்கள். அது புற்றுநோய்தான் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் பழைய தீக்காயத் தழும்பு, ஏழு மாதப் புண், பிதுங்கிய ஓரம், நாற்றம் என்று நீங்கள் எழுதியிருப்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இனி ஒரு நாள்கூட மஞ்சள் வைத்துக் காத்திருக்கக் கூடாது.

தழும்புத் தோல் நம் சாதாரணத் தோல் போல் இல்லை. ரத்த ஓட்டம் குறைவு, நெகிழ்வும் கிடையாது. நடக்கும்போது இழுபடும், வெடிக்கும், ஆறும், மறுபடியும் வெடிக்கும். இப்படி வருஷக்கணக்கில் உடைந்து உடைந்து ஆறும் இடத்தில் செல்கள் ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அதில் சில ஒரு கட்டத்தில் தறிகெட்டுப் போய்விடும். 1828-ல் மார்ஜோலின் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் தழும்பில் வரும் புண்களைப் பற்றி எழுதினார். அதனால் தழும்பில் வரும் புற்றுக்கு இன்றும் ‘மார்ஜோலின் புண்’ என்றே பெயர். காயம் பட்டு 30 வருஷம், 40 வருஷம் கழித்துக்கூட வரும். சிறுவயதில் பட்டது இப்போது என்ன செய்யப் போகிறது என்று வீட்டில் எல்லாரும் நினைப்பது இதனால்தான்.

இப்போது அத்தையின் பயத்துக்கு வருகிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. வீட்டு வைத்தியம், நாட்டு வைத்தியம் எல்லாம் பார்த்து, நோய் முற்றிய பிறகுதான் ஆபரேஷனுக்கு வருகிறார்கள். அதற்குள் அது பரவியிருக்கும். ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில் வேறு இடத்தில் தெரிந்ததும் பழி கத்தி மேல் விழுகிறது. ஊரில் பத்துப் பேர் இப்படிப் பார்த்திருந்தால் அது சத்தியம் மாதிரி ஆகிவிடாதா? அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். முடிந்தால் டாக்டரிடமும் அவரைக் கூடவே கூட்டிப் போங்கள்.

சதை எடுப்பது பெரிய ஆபரேஷன் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து மிளகு அளவுக்கு ஒன்றிரண்டு துணுக்குகள் எடுப்பார்கள். நடுவில் எடுத்தால் செத்த சதைதான் வரும், அதனால் ஓரம் முக்கியம். புண் பெரிதாக இருந்தால் நாலைந்து இடத்தில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ‘புற்றுநோய் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்து, புண் அப்புறமும் ஆறாமல் இருந்தால், மறுபடியும் சதை எடுக்க வேண்டும். முதல் துணுக்கில் அகப்படாமல் போவது உண்டு.

புற்றுநோய் என்றே வந்தாலும் வழி இருக்கிறது. பெரும்பாலும் இது தோலின் மேலடுக்குச் செல்களில் தொடங்கும் ‘ஸ்குவாமஸ் செல்’ வகையாக இருக்கும். எலும்பு அரித்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், கட்டியிருந்தால் அதையும் ஊசியால் உறிஞ்சிச் சோதிப்பார்கள். பிறகு புண்ணைச் சுற்றி நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். சிலருக்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டியிருக்கும். எலும்புக்குள் ஆழமாகப் போயிருந்தால்தான் காலை எடுக்கும் பேச்சே வரும். ஸ்டவ் வெடித்த தழும்பில் புண் வந்து, ஒன்றரை வருஷம் இலை வைத்துக் கட்டிய பிறகு என்னிடம் வந்த பெரியவர் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் ஓர் ஆறு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. உங்கள் அப்பாவும் ‘காலை எடுத்துவிடுவார்கள்’ என்ற பயத்தில்தான் தள்ளிப்போடுகிறார் என்று நினைக்கிறேன். காலைக் காப்பாற்றத்தான் இப்போதே போகிறோம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையிலேயே தோல் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் இருக்கின்றன. புற்றுநோய்க்கென்று அரசு மையம் பாலரெங்கபுரத்தில் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவு அதில் அடங்கும். அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். விவரத்துக்கு 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

வெள்ளைக்காரர்களுக்குத்தானே வரும் என்று கேட்டீர்கள். வெயிலால் வருவது அவர்களுக்குத்தான் அதிகம். நம் தோலின் கறுப்பு நிறமி வெயிலுக்குக் குடை மாதிரி நிற்கிறது. ஆனால் நமக்கு அது வெயில் படாத இடத்திலும் வந்து உட்காரும். பழைய தழும்பு ஒன்று. தொழுநோயால் உணர்வு போன பாதத்தில் வருஷக்கணக்காக இருக்கும் புண் இன்னொன்று. உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கி இறுக்கிக் கட்டி, இடுப்பில் கறுத்துத் தடித்த பட்டையிலும் வரும். அதற்குச் ‘சேலைப் புற்றுநோய்’ என்றே மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டும் ஆண்களுக்கும் உண்டு. மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் இடுப்பில் இரண்டு வருஷமாகப் புண்ணோடு இருந்தார், வெட்கத்தில் பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. பெண்கள் இதைப் படித்தால் இன்றைக்கே இடுப்பைத் தடவிப் பாருங்கள். நாடாவை அகலமாகப் போட்டு, முடிச்சைத் தினமும் இடம் மாற்றுங்கள்.

மெலனோமா என்ற கொடிய வகையும் நம்மைப் போன்ற நிறத்தவருக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் அதிகம் வருகிறது. உள்ளங்காலில் வளர்ந்துகொண்டே போகும் கறுப்பு மச்சம், ஒரே நகத்தில் மட்டும் வந்து அகலமாகும் கறுப்புக் கோடு, இவற்றைக் கல் இடித்தது என்று விட்டுவிடாதீர்கள். வயலில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் கால் கழுவும்போது பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

பிறவியிலேயே உடம்பும் முடியும் வெளுத்துப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நிறமிக் குடை இல்லை. முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் அவர்களுக்குக் கட்டாயம். வெண்புள்ளி வேறு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். சூடு பட்டால் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், மாவு, பற்பசை எதுவும் வேண்டாம். ஆழமான தீக்காயம் தானாக ஆறட்டும் என்று மாதக்கணக்கில் விடாமல் தோல் ஒட்டினால், பின்னாளில் வெடிக்கிற தழும்பு பெரும்பாலும் வராது. இருக்கிற தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சொறியாமல் பார்த்துக்கொண்டால் சரி. உடம்பில் எங்கே புண் வந்தாலும் நாலு வாரத்தில் ஆறவில்லையென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்பாவைக் கூட்டிப் போகும்போது இதுவரை போட்ட மருந்துச் சீட்டுகளையும் ஆயின்மென்ட் டப்பாவையும் எடுத்துப் போங்கள். அன்றைக்குப் புண்ணில் மஞ்சள் வைக்காதீர்கள், ஓரம் தெரியாமல் போய்விடும். ரிப்போர்ட் வந்ததும் அதில் உள்ளதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். காத்திருப்பேன்.