வாரண்டி முடிந்தபின் மின் ஸ்கூட்டருக்குப் பேட்டரி கிடைக்குமா?

கேள்வி: வேலைக்குச் சென்றுவர நாள்தோறும் 50 கி.மீ. ஓட்ட வேண்டும். மின் ஸ்கூட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். பேட்டரிக்கு எட்டு ஆண்டு வாரண்டி என்கிறார்கள். அதன்பிறகு மாற்றுப் பேட்டரி கிடைக்குமா? அதற்குள் நிறுவனமே மூடப்பட்டால் என்ன செய்வது?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு அந்த வாரண்டி எட்டு ஆண்டு வராது. 8 ஆண்டு அல்லது 80,000 கி.மீ., இவற்றில் எது முந்துகிறதோ அதோடு முடிவதுதான் இத்தகைய வாரண்டிகளில் வழக்கம். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 15,000 கி.மீ. ஆகிவிடும், ஐந்தரை ஆண்டுக்குள் வாரண்டி தீர்ந்துவிடும்.

பேட்டரி எந்த அளவுக்கு இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதுதான் ஆண்டுக் கணக்கைவிட முக்கியம். கூடுதல் கட்டணத்தில் கிடைக்கும் ஏத்தர் மின் ஸ்கூட்டர் நிறுவனத்தின் எயிட்70 திட்டம், மேற்சொன்ன வரம்புக்குள் பேட்டரியின் திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என உறுதியளிக்கிறது. அதாவது, புதிதில் ஒரு சார்ஜுக்கு 100 கி.மீ. ஓடிய வண்டி 72 கி.மீ. மட்டுமே ஓடினாலும் உரிமை கோர முடியாது. இருந்தாலும் அதில் ஓர் எண்ணாவது இருக்கிறது. சதவீதம் எதுவும் சொல்லாமல் ‘உற்பத்திக் குறைபாடு’ என்று மட்டும் எழுதியிருக்கும் வாரண்டியை நான் பெரிதாக மதிப்பதில்லை. பேட்டரிகள் திடீரென்று செயலிழப்பதைவிட மெல்ல மெல்லத் திறன் குறைவதே அதிகம்.

இனி மாற்றுப் பேட்டரி. பதிவெண் தேவைப்படாத, 25 கி.மீ. வேகத்தைத் தாண்டாத சிறு வண்டிகளுக்கு 48 அல்லது 60 வோல்ட் பேட்டரியை வெளியில் வாங்கிப் பொருத்திக்கொள்ள முடிகிறது. ஆனால், உங்கள் தேவைக்கேற்ற வேக ஸ்கூட்டர்களில், பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற கட்டுப்பாட்டுப் பலகை வண்டியின் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரோடு ஓயாமல் தகவல் பரிமாறிக்கொள்வதால், அடையாளம் பொருந்தாத பேட்டரியை மாட்டினால் வண்டி பெரும்பாலும் கிளம்பாது. பேட்டரிக்குள் இருக்கும் செல்களை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். மின் வண்டிப் பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதிப்படி நீர் புகாமல் அடைக்கப்பட்ட பெட்டி அது. அதைப் பிளந்து பழைய செல்களோடு புதியவற்றைக் கலந்தால் தீ விபத்துக்கு வழி திறந்துவிடும்.

நிறுவனம் மூடப்படுவது வெறும் கற்பனையல்ல. நெதர்லாந்தின் வான்மூஃப் மின்சைக்கிள் நிறுவனம் 2023 ஜூலையில் திவாலானபோது, சைக்கிளைத் திறக்கும் டிஜிட்டல் சாவி அதன் சர்வரைச் சார்ந்திருந்ததால், உரிமையாளர்கள் அவசர அவசரமாகச் சாவியைப் பிரதியெடுக்க நேர்ந்தது. (பிறகு வேறொரு நிறுவனம் அதை வாங்கியது.) எனவே, செயலியும் இணையமும் இல்லாமல் சாதாரணச் சாவியால் வண்டி கிளம்புமா என்று ஷோரூமிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே பேட்டரியைப் பல மாடல்களில் பொருத்தும் நிறுவனமாக இருந்தால், உங்கள் மாடல் நின்றுபோனாலும் பேட்டரி தயாரிப்பு தொடர வாய்ப்புண்டு.

மாற்றுப் பேட்டரியின் இன்றைய விலையை, உதிரிபாக எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். வண்டிக்கு 5 சதவீதமாக இருக்கும் ஜி.எஸ்.டி., தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரிக்கு 18 சதவீதம் என்பதால் வரி சேர்ந்த தொகையைக் கேட்பது அவசியம். பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்றும் விசாரியுங்கள். விற்பனையாளர் மழுப்பினால் சர்வீஸ் சென்டரின் உதிரிபாகப் பிரிவுக்கே செல்லுங்கள். அங்கும் விலை சொல்ல ஆளில்லையென்றால், அந்த மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.